அச்சகத்தார், நூல்வணிகர், அச்சுக்கோப்பவர்: ஆங்கில எழுத்துக்கூட்டு நிலைபெற்றமை குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஆங்கில மொழி வரலாற்றைக் கூறும் பாடநூல்களில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டு நிலைபெறத் தொடங்கியது என்பதே அக்கருத்து. ஒலிப்புக்கும் எழுத்துக்கும் இடையே இன்று காணப்படும் பொருத்தமின்மைக்கும் அச்சகத்தாரே பொறுப்பாக்கப்படுகின்றனர். ஒலிகள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் எழுத்தை உறையச் செய்துவிட்டனர் என்பது குற்றச்சாட்டு.

புகழ்ச்சியாயினும் பழியாயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ‘அச்சகத்தார்’ என்பது ஒரே நோக்கமும் ஒரே அதிகாரமும் உடைய ஒரு தனி வினைமுதல் என்னும் எடுகோள் அது. தொடக்ககால ஆங்கில நூல்வணிகத்தின் அமைப்பை நோக்கினால் இவ்வெடுகோள் நிற்பதாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அவ்வமைப்பில் பங்கு கொண்டோரைப் பிரித்துக் காட்டி, எழுத்துக்கூட்டின் மீது யாருக்கு என்ன அக்கறை இருந்தது என்பதை ஆராய்கிறது. அச்சு நூல்களை மொழிவரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் எவ்வளவு தூரம் அவற்றை நம்பலாம் என்னும் வினாவுக்கும் இதனால் ஓரளவு விடை கிடைக்கும்.

2. முந்தைய கருத்துகள்

எலிசபெத் ஐசன்ஸ்டைன் 1979இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், பனுவலை நிலைப்படுத்தும் ஆற்றல் அச்சின் முதன்மையான பண்பு என வலியுறுத்தினார். ஏட்ரியன் ஜான்ஸ் 1998இல் இதனை மறுத்தார். நிலைத்தன்மை அச்சுப்பொறியில் இயல்பாகவே பொதிந்திருப்பதன்று. மனிதர் முயன்று உருவாக்கியது என்பது அவர் வாதம். இவ்விவாதம் நூற்பண்பாடு பற்றியதாயினும் மொழியியலுக்கும் பொருந்தும்.

மொழிவரலாற்று அறிஞருள் ஜான் எச். ஃபிஷர் 1977இல் பிறிதொரு விளக்கம் தந்தார். அச்சு வருமுன்னரே அரசு ஆவண எழுத்தர்களின் வழக்கு பொதுத்தர எழுத்துமொழிக்கு வழிவகுத்துவிட்டது என்றார் அவர். மைக்கேல் பென்ஸ்கின் 2004இல் இக்கருத்தின் சான்றுகளைக் கடுமையாக ஐயுற்றார். எஃப். எச். பிரெங்கல்மன் 1980இல் அச்சகத்தாரை விடுத்து ஒலிப்பியல் அறிஞரையும் ஆசிரியரையும் முன்னிறுத்தினார். 17ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த சீர்மைக்குக் கொள்கை வகுத்தோர் அவர்களே என்பது அவர் முடிபு.

இவ்விளக்கங்கள் அனைத்தும் தம்முள் முரண்படினும் ஒரு குறை இவற்றுக்குப் பொதுவாக உள்ளது. எழுத்தர், அறிஞர், அச்சகத்தார் எனக் குழுக்களை ஒப்பிடும் இவை, அச்சுத் தொழிலுக்கு உள்ளேயே இருந்த பிரிவுகளைப் போதிய அளவு கருதவில்லை. கொள்கை எங்கிருந்து வந்ததாயினும், அது அச்செழுத்துப் பெட்டியின் முன் நிற்பவனின் கையை எவ்வாறு அடைந்தது என்பது விளக்கப்பட வேண்டும்.

3. முகப்புப் பக்கத் தொடரும் அதன் வேற்றுமைகளும்

16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களின் முகப்புப் பக்கத்தில் ஒரு வாய்பாட்டுத் தொடர் காணப்படும். இன்னாரால், இன்னாருக்காக அச்சிடப்பட்டது; இன்ன அடையாளப் பலகை உள்ள கடையில் விற்கப்படும் என்பது அதன் பொருள். தமிழ் இலக்கண வழக்கில் கூறினால் மூன்றாம் வேற்றுமை அச்சகத்தாரையும், நான்காம் வேற்றுமை முதலிட்ட நூல்வணிகரையும், ஏழாம் வேற்றுமை விற்பனைக் கடையையும் குறிக்கின்றன. 1594இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் ‘லுக்ரீஸ்’ ரிச்சர்டு ஃபீல்டு என்பவரால், ஜான் ஹாரிசன் என்பவருக்காக அச்சிடப்பட்டு, இலண்டன் தூய பவுல் தேவாலய முற்றத்தில் ‘வெள்ளை வேட்டைநாய்’ அடையாளமிட்ட கடையில் விற்கப்பட்டது. இங்கு மூன்று உறவுகளும் தெளிவாகவே உள்ளன.

எல்லா இடத்தும் இத்தெளிவு இல்லை. 1623இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பின் முகப்பு, அது ஐசக் ஜாகர்டாலும் எட்வர்டு பிளவுண்டாலும் அச்சிடப்பட்டதாகக் கூறுகிறது. பிளவுண்ட் நூல்வணிகரேயன்றி அச்சகத்தார் அல்லர். நூலின் இறுதிக் குறிப்போ வில்லியம் ஜாகர்டு, பிளவுண்ட், ஸ்மெத்விக், ஆஸ்ப்லி ஆகிய நால்வரின் செலவில் அச்சிடப்பட்டது என்கிறது. ஆகவே முகப்பின் மூன்றாம் வேற்றுமையைச் சொல்லளவில் கொள்ள இயலாது. ‘அச்சிட்டார்’ என்னும் வினை ‘அச்சிடச் செய்தார்’ என்னும் பிறவினைப் பொருளையும் ஏற்கிறது.

உரிமை நிலையும் கருதத்தக்கது. 1403 முதல் இலண்டனில் இயங்கிய நூல்தொழிலோர் குழுமம் 1557இல் அரச பட்டயம் பெற்றது. குழுமத்தின் பதிவேட்டில் நூலைப் பதிவு செய்த உறுப்பினருக்கே அதன் படியுரிமை உரியதாயிற்று, ஆசிரியருக்கன்று. ஆசிரியரின் உரிமையைச் சட்டம் ஏற்றது 1710இல்தான். பதிவு செய்தவர் பெரும்பாலும் நூல்வணிகர். நூலின் பெயரும் விற்பனை உரிமையுமே அவருக்குரிய பொருள். சொற்கள் எவ்வாறு எழுத்துக்கூட்டப்பட வேண்டும் என்பது அவ்வுரிமையின் பகுதியன்று.

இத்தொடரில் எந்த வேற்றுமையும் ஏலாமல் விடுபட்டவர் ஒருவர் உளர். அவர் அச்சுக்கோப்பவர். எழுத்து எழுத்தாக எடுத்து அடுக்கியவர் அவரே. எழுத்துக்கூட்டின் உண்மையான வினைமுதல் தொடரில் இடம்பெறவே இல்லை.

4. காக்ஸ்டன்: வணிகரும் மொழிபெயர்ப்பாளரும்

காக்ஸ்டன் கென்ட் வட்டாரத்தில் பிறந்தவர். துணி வணிகக் குழுமத்தைச் சார்ந்தவர். ஏறத்தாழ 30 ஆண்டுகளைப் பிளாண்டர்சு முதலான தாழ்நிலப் பகுதிகளில் கழித்தவர். கொலோன் நகரில் அச்சுக்கலையைக் கற்று, முதல் ஆங்கில அச்சு நூலை அங்கிருந்து திரும்பியபின் தாழ்நிலப் பகுதியிலேயே வெளியிட்டார். 1490இல் அச்சிட்ட ‘எனெய்டோஸ்’ நூலின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தேம்சு ஆற்றில் காற்றின்றித் தங்கிய வணிகர் ஒருவர் கரையேறி முட்டை கேட்கிறார். வடபுல வடிவத்தில் அவர் சொன்ன சொல்லைப் புரிந்துகொள்ளாத வீட்டுப்பெண், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். மற்றொருவர் தென்புல வடிவத்தைச் சொன்னபின்னரே அவளுக்கு விளங்குகிறது.

இந்நிகழ்ச்சி பொதுத்தரம் பற்றிய காக்ஸ்டனின் அக்கறைக்குச் சான்றாகப் பலராலும் காட்டப்படுகிறது. ஆயின் அது சொல் தேர்வு பற்றியதே, எழுத்துக்கூட்டு பற்றியதன்று. எவருக்கு விற்பது, எந்தச் சொல்லை வாங்குவோர் ஏற்பர் என்னும் வணிகரின் தயக்கமே அங்கு வெளிப்படுகிறது. அவர் அச்சிட்ட நூல்களிலும் ஒரே சொல் பல வடிவங்களில் காணப்படுகிறது.

காக்ஸ்டன் அச்சகம் புகுத்தியதாகக் கூறப்படும் கூட்டு ஒன்றை ஆராய்வது பயன்தரும். ஆவியைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்னும் சொல்லின் முதலில் ‘ஜி’ எழுத்தை அடுத்து ‘எச்’ எழுதும் வழக்கம் அவர் நூல்களில் தோன்றுகிறது. பிளெமிய மொழியின் எழுத்துமரபே இதற்கு மூலமாகலாம். ஆனால் இவ்வடிவம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அருகியே வழங்கி, அந்நூற்றாண்டின் இறுதியில்தான் உறுதிப்பட்டது. வாத்து, வெள்ளாடு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலும் இதே ‘எச்’ காக்ஸ்டன் நூல்களில் நுழைந்தது; அவை நிலைக்கவில்லை. ஒரே அச்சகம் ஒரே காலத்தில் வெளியிட்ட கூட்டுகளில் ஒன்று நிலைத்து மற்றவை மறைந்தன எனின், நிலைத்தமைக்குக் காரணம் அச்சிடப்பட்டமை மட்டுமன்று என்பது பெறப்படும்.

காக்ஸ்டனுக்குப் பின் தொழிலை ஏற்ற விங்கின் டி வொர்டு அல்சேசிலிருந்தும், ரிச்சர்டு பின்சன் நார்மண்டியிலிருந்தும் வந்தவர்கள். அயல்நாட்டார் நூல்தொழிலில் ஈடுபட 1484ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்திருந்தது. 1534இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தொழிலாளர் கோத்த ஆங்கிலத்தில் ஒருசீர்மையை எதிர்பார்த்தல் கடினம்.

5. ஆசிரியர் படியும் அச்சுப்படியும்

அச்சுக்கோப்பவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை அறிய, அவர் முன் வைத்துக் கோத்த கையெழுத்துப்படி கிடைக்க வேண்டும். அத்தகைய படிகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஜான் ஹாரிங்டன் மொழிபெயர்த்த ‘ஒர்லாண்டோ ஃபூரியோசோ’வை 1591இல் ரிச்சர்டு ஃபீல்டு அச்சிட்டார். ஆசிரியர் தம் கையாலேயே எழுதி அச்சகத்துக்கு அனுப்பிய படியின் பெரும்பகுதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. டபிள்யூ. டபிள்யூ. கிரெக் 1923இல் இதனை அச்சுநூலுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

அச்செழுத்தின் அளவு, பக்க அமைப்பு ஆகியவை பற்றி ஹாரிங்டன் அச்சகத்தாருக்குக் குறிப்புகள் எழுதியுள்ளார். தம் நூலின் தோற்றத்தில் அவர் பெரிதும் அக்கறை கொண்டவர் என்பது இதனால் விளங்கும். எனினும் அவருடைய எழுத்துக்கூட்டு அச்சில் பெருமளவு மாற்றப்பட்டுள்ளது. ஆசிரியருக்கே உரிய தனிப்போக்கான வடிவங்களுக்கு மாற்றாக வழக்கு மிக்க வடிவங்கள் இடம்பெற்றுள்ளன.

இச்சான்று இருவகையில் முக்கியமானது. முதலாவதாக, உயிருடன் இருந்து அச்சுப்பணியைக் கவனித்த ஆசிரியரின் எழுத்துக்கூட்டே அச்சில் தப்பவில்லை. ஆகவே அச்சுநூலின் எழுத்துக்கூட்டைக் கொண்டு ஆசிரியரின் ஒலிப்பையோ கிளைமொழியையோ உய்த்துணர்தல் பிழைபட இடமுண்டு. இரண்டாவதாக, மாற்றம் ஒரு திசை நோக்கியதாக உள்ளது. இது அச்சே நிலைப்படுத்தியது என்னும் கருத்துக்குத் துணைசெய்வதாகத் தோன்றலாம். ஆனால் வழக்கான வடிவத்தை நாடும் ஒரு தொழிலாளியின் கைப்பழக்கம் வேறு. தொழில் முழுமைக்கும் பொதுவான விதி வேறு. முன்னது பின்னதாகிவிடவில்லை என்பதை அடுத்த சான்று காட்டும்.

6. ஒரே நூல், பல கைகள்

1623ஆம் ஆண்டுத் தொகுப்பு 36 நாடகங்களும் 900க்கு மேற்பட்ட பக்கங்களும் கொண்டது. 1920இல் தாமஸ் சாட்செல் இத்தொகுப்பிலுள்ள ‘மேக்பெத்’ நாடகத்தில் எழுத்துக்கூட்டு இருவகையாகப் பிரிவதைச் சுட்டினார். பின்வந்த ஆய்வுகள் இதனை நூல் முழுமைக்கும் விரித்தன. சார்ல்டன் ஹின்மன் 50க்கு மேற்பட்ட படிகளை ஒப்புநோக்கி, சிதைந்த அச்செழுத்துகள் மீண்டும் மீண்டும் தோன்றும் இடங்களையும் கணக்கிட்டு, 1963இல் தம் முடிபுகளை வெளியிட்டார். ஐந்து அச்சுக்கோப்பவரை அவர் வேறுபடுத்தினார். பிறர் இவ்வெண்ணிக்கையை மேலும் கூட்டினர்.

இவருள் முதலாமவர் செய்தல், போதல் என்னும் பொருள்களைத் தரும் ‘டூ’, ‘கோ’ ஆகிய சொற்களின் இறுதியில் ‘இ’ எழுத்தைச் சேர்த்து எழுதுவதையும், ‘இங்கே’ எனப் பொருள்படும் ‘ஹியர்’ என்னும் சொல்லை நடுவில் ஒற்றை ‘இ’யுடன் எழுதுவதையும் விரும்பினார். இரண்டாமவர் முதலிரு சொற்களில் இறுதி எழுத்தை விடுத்தார். மூன்றாவது சொல்லில் நடு எழுத்தை இரட்டித்தார். இன்றைய வழக்கோடு ஒப்பிடுக. முதலிரு சொற்களில் இரண்டாமவரின் வடிவமும், மூன்றாவதில் முதலாமவரின் வடிவமும் நிலைபெற்றுள்ளன. இவருள் எவரும் ‘பழமையர்’ அல்லர். எவரும் ‘புதுமையர்’ அல்லர். இருவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே முதலாளியிடம் ஒரே நூலைக் கோத்தவர்கள். அவர்களின் வேறுபாட்டை நீக்க வேண்டும் என்று அச்சகத்தாரும் எண்ணவில்லை. செலவிட்ட நூல்வணிகரும் எண்ணவில்லை.

இம்முறையியலுக்கும் எல்லை உண்டு. டி. எஃப். மெக்கன்சி 1969இல் வெளியிட்ட கட்டுரையில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அச்சகத்தின் பழைய கணக்கேடுகளைக் கொண்டு, அச்சகத்தில் ஒரே வேளையில் பல நூல்கள் நடந்தன, வேலையின் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறியது என்று நிறுவினார். அச்சுப்படியிலிருந்து மட்டும் அச்சக நடைமுறையை உருவாக்கிக் காட்டும் ஆய்வுகள் பல கற்பனையில் நிற்பவை என்பது அவர் எச்சரிக்கை. மேலும் உரைநடையில் வரியின் நீளத்தைச் சமன்செய்யும் பொருட்டு ஓரெழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ நேரும். எனவே வரி நிரம்பாத செய்யுட்பகுதிகளில் காணும் வடிவங்களையே ஒருவரின் இயல்பான விருப்பத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஏற்புடையது. மெக்கன்சியின் திறனாய்வு இன்னார் இப்பக்கத்தைக் கோத்தார் என்னும் உறுதியைக் குலைக்கிறது. ஒரே நூலில் எழுத்துக்கூட்டு வேறுபட்டது என்னும் உண்மையைக் குலைக்கவில்லை.

7. தொழில் விதிகள் வளர்த்த வேறுபாடு

அச்சின் நிலைப்படுத்தும் ஆற்றல் பற்றிப் பேசுவோர் பெரிதும் கருதாத விதி ஒன்று உண்டு. 1587இல் நூல்தொழிலோர் குழுமம், ஒருமுறை கோத்த எழுத்திலிருந்து 1,250 அல்லது 1,500 படிகளுக்கு மேல் எடுக்கலாகாது எனவும், கோத்த பக்கங்களைக் கலைக்காமல் வைத்திருத்தல் கூடாது எனவும் வரையறுத்தது. சில வகைப் பள்ளி நூல்களுக்கும் சமய நூல்களுக்கும் விலக்கு இருந்தது. அச்சுக்கோப்போருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். எழுத்துக்கூட்டு அவர்கள் எண்ணத்தில் இல்லை.

ஆயினும் விளைவு எழுத்துக்கூட்டைத் தொட்டது. விற்பனை மிக்க நூல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘வீனஸ் அண்டு அடோனிஸ்’ 1593 முதல் 1640 வரை ஏறத்தாழ 16 பதிப்புகள் கண்டது. முந்தைய அச்சுப்படியைப் பார்த்தே கோத்தாலும் ஒவ்வொரு கையும் தன் பழக்கத்தைப் பதித்தது. நூல் எவ்வளவு புகழ்பெற்றதோ அவ்வளவு வேறுபாடு பெருகியது. நிலைபேற்றுக்குக் கருவி எனக் கூறப்படும் தொழிலே, தன் கூலி ஒழுங்கின் காரணமாக, வேறுபாட்டை உற்பத்தி செய்தது எனலாம்.

அச்சு உண்மையாகவே முடிவு செய்த இடங்களும் உள. பழைய ஆங்கில எழுத்தாகிய ‘தார்ன்’ ஐரோப்பிய நிலப்பகுதியிலிருந்து வந்த அச்செழுத்துத் தொகுதியில் இல்லை. அதன் இடத்தில் ‘ஒய்’ எழுத்து வழங்கியது. கையெழுத்தில் ஏற்கெனவே நலிந்துவந்த எழுத்து அச்சில் மறைந்தது. ‘யூ’, ‘வி’ ஆகிய இரண்டும் சொல்லில் இடம் நோக்கி வழங்கிய மரபு மாறி ஒலி நோக்கி வழங்கும் முறை 1630 அளவில் பரவியதும் அச்சகங்களின் வழியாகவே. இவை எழுத்துத் தொகுதி பற்றியவை. பெட்டியில் என்ன உள்ளது, எந்த அறையிலிருந்து எடுப்பது என்பதே இங்குச் சிக்கல். சொல்வாரியான எழுத்துக்கூட்டு இதனின் வேறுபட்டது. இவ்விரு தளங்களையும் வேறுபடுத்தாமையே முந்தைய விவாதங்கள் முடிவின்றி நீண்டமைக்கு ஒரு காரணம்.

8. சீர்மைக்கு விலை ஏற்பட்ட காலம்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு ஆங்கிலம் பெரும்பாலும் ஒருசீராகிவிட்டது. ஜோசப் மாக்சன் 1683-84இல் வெளியிட்ட அச்சுத்தொழில் கையேட்டில், படியை அவ்வாறே பின்பற்றுவது விதியாயினும் ஆசிரியரின் பிழையான எழுத்துக்கூட்டைத் திருத்துவதும் அச்சுக்கோப்பவரின் கடமையாகிவிட்டது என்கிறார். தனிப்பழக்கம் தொழிற்கடமையாக மாறியமை இங்குப் புலப்படுகிறது. இடைப்பட்ட 60 ஆண்டுகளில் மாறியது எது?

வாங்குவோர் மாறினர். ரிச்சர்டு மல்காஸ்டர் 1582இல் வெளியிட்ட நூலில் பல்லாயிரம் சொற்களின் எழுத்துக்கூட்டைப் பட்டியலிட்டார். அதனை அச்சிட்டவர் தாமஸ் வோட்ரோலியே. ரிச்சர்டு ஃபீல்டு அக்காலத்தில் அவரிடமே தொழில் பயின்றுகொண்டிருந்தார். இது கொண்டு ஃபீல்டின் அச்சகம் மல்காஸ்டரைப் பின்பற்றியது எனக் கூறிவிட இயலாது. எனினும் அறிஞரின் கொள்கையும் தொழிலாளியின் கையும் ஒரே கூடத்தில் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. எட்மண்ட் கூட் 1596இல் எழுதிய பள்ளி நூல் இன்னும் பரவலானது. கடையில் அமர்ந்து தொழில் செய்துகொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கக்கூடிய தையற்காரர், நெசவாளர், கடைக்காரர் ஆகியோரையும் அது முன்னிலைப்படுத்தியது. 18ஆம் நூற்றாண்டு வரை திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது. இத்தகைய நூலில் எழுத்துக்கூட்டு நூலின் உடை அன்று. நூலின் பொருளே அது. அதனை வழுவின்றி அச்சிடுவது நூல்வணிகருக்கு முதன்முறையாக ஆதாயம் தருவதாயிற்று. அந்நூலில் பயின்ற பிள்ளைகளே பின்னர் வாசகராகவும் அச்சுக்கோப்போராகவும் வந்தனர். பிரெங்கல்மன் கூறும் கொள்கை பெட்டியின் முன் நின்றவனை அடைந்த வழி இதுவாகலாம்.

இப்போக்கின் முதிர்ச்சியை 18ஆம் நூற்றாண்டில் காணலாம். 1746இல் இலண்டன் நூல்வணிகர் கூட்டாகச் சேர்ந்து 1,500 கினிக்குச் சாமுவேல் ஜான்சனிடம் ஓர் அகராதியை ஒப்பந்தம் செய்தனர். 1755இல் அது வெளிவந்தது. காக்ஸ்டனின் காலத்தில் எவரும் காசு கொடுத்திராத ஒன்றுக்கு இப்போது முதலீடு செய்யப்பட்டது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. எழுத்துத் தொகுதியின் அளவில் அச்சு முடிவு செய்தது. சொல்வாரியான எழுத்துக்கூட்டின் அளவில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் முடிவு செய்யவில்லை. முதலிட்டவர், அச்சகத்தார், அச்சுக்கோப்பவர் ஆகிய மூவருள் எழுத்துக்கூட்டைக் கையாண்டவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையோருக்கு அதில் அக்கறை இல்லை. கல்விச் சந்தை அவ்வக்கறையைத் தோற்றுவித்த பின்னரே நிலைபேறு விரைந்தது.

மொழிவரலாற்று ஆய்வுக்கு இதன் பயன் நேரானது. அச்சுநூல்களைத் தொகுத்த கணினித் தரவகங்களிலிருந்து எழுத்துக்கூட்டின் எண்ணிக்கைகளை எடுத்து, அவற்றை ஆசிரியரின் பிறப்பிடம், வயது, சமூகநிலை ஆகியவற்றோடு தொடர்புபடுத்துவது இன்று எளிதாகிவிட்டது. அவ்வாறு பெறும் வேறுபாடு ஆசிரியர்களுடையதா, அச்சுக்கோப்போருடையதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். குறைந்தபட்சம் அச்சகத்தின் பெயரும், செய்யுளா உரைநடையா என்னும் பாகுபாடும், முந்தைய பதிப்பைப் பார்த்துக் கோக்கப்பட்டதா என்னும் செய்தியும் தரவோடு இணைக்கப்பட வேண்டும். இவையின்றி ஷேக்ஸ்பியரின் எழுத்துக்கூட்டு எனச் சுட்டப்படுவது, ஜாகர்டு அச்சகத்தில் கூலிக்கு நின்ற பெயரறியாத ஒருவரின் கைப்பழக்கமாக இருக்கக்கூடும். முகப்புப் பக்கம் விடுத்த அவ்வினைமுதலை மொழியியலும் விடுத்தல் ஆகாது.